ஹீட் பம்ப்பும் சில்லென்ற காற்றும்: மோரிஸ்வில் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து வட கரோலினாவுக்கு வந்து நாலு மாதம். மோரிஸ்வில்லில் வாடகைக்கு ஒரு டவுன்ஹோம். கூட அம்மாவும் வந்திருக்கிறார். ஹீட்டரை 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தாலும் வென்ட்டில், அதாவது காற்று வரும் துவாரத்தில், கை வைத்தால் காற்று சில்லென்றுதான் வருகிறது, ராத்திரியில் புஸ்ஸென்று சத்தம் வேறு. ஹீட் பம்ப்பின் உள்பெட்டிக் கதவைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள், பக்கத்தில் காற்றின் அளவு போட்ட ஓர் அட்டவணை. "காற்றைக் கூட்டினால் சூடு கூடுமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூடாது. அந்தச் சொல்லுக்கு உள்ள இரண்டு அர்த்தத்திலும் கூடாது.

நமக்குக் காற்று என்றாலே சுகம். மே மாதத்தில் ஃபேனை அஞ்சில் வைத்து அதற்கு நேர் கீழே பாயைப் போட்டுப் படுத்த உடம்பு இது. அதனால் வசதி போதவில்லை என்றால் காற்றைக் கூட்டுவதற்குத்தான் கை போகும். எனக்கும் போனது, அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். ஹீட் பம்ப்பில் கணக்கு வேறு. அது ஏ.சி.யைத் திருப்பிப் போட்ட மாதிரி: வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச வெப்பத்தை உறிஞ்சி, உள்ளே இருக்கும் காயில் என்ற குழாய்ச் சுருளுக்குக் கொண்டு வருகிறது. அந்தக் காயிலின் மேல் காற்றைத் தள்ளுவது மட்டுமே ப்ளோயரின் வேலை. காயில் தரும் வெப்பம் ஏறக்குறைய ஓர் அளவுதான். அதை நிறையக் காற்றுக்குப் பங்கு போட்டால் ஒவ்வொரு பங்கும் ஆறிப்போய்த்தான் வரும். பாலில் தண்ணீர் சேர்த்தால் பால் கூடிவிடுமா?

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இங்கே காற்றின் அளவை சி.எஃப்.எம். என்பார்கள், நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று. வெப்பத்தை பி.டி.யூ.வில் சொல்வார்கள். ஒரு மணி நேரத்து பி.டி.யூ.வை 1.08-ஆலும் சி.எஃப்.எம்.மாலும் வகுத்தால், காற்று எத்தனை டிகிரி ஃபாரன்ஹீட் சூடேறுகிறது என்பது வரும். உங்கள் பெட்டி இரண்டரை டன் என்று வையுங்கள் (இங்கே டன் என்பது எடை இல்லை, பெட்டியின் திறன்), அதாவது மணிக்கு 30,000 பி.டி.யூ. வெளியே குளிர் மிதமாக இருக்கும் நாளில் 1,000 சி.எஃப்.எம். ஓடினால் காற்று சுமார் 28 டிகிரி ஏறும். அறை 70 என்றால் வென்ட்டில் 98. சரி, கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். ஜனவரி விடியற்காலையில் வெளியே உறைநிலைக்குக் கீழே போகும்போது அதே பெட்டியால் 18,000 மட்டும்தான் தர முடிகிறது என்று வையுங்கள். அப்போது ஏற்றம் 17 டிகிரி, வென்ட்டில் 87. நம் தோலின் சூடு 91, 92 இருக்கும். அதைவிடக் குறைவான காற்று வேகமாக மேலே பட்டால் குளிரத்தான் செய்யும். ஆனால் 70-ல் இருக்கும் அறைக்கு 87 சூடுதான். வீடு சூடாகிக்கொண்டே இருக்கும், அம்மாவுக்கு மட்டும் காலில் சில்லிடும். கேஸ் ஃபர்னஸ் உள்ள வீடுகளில் காற்று 120-க்கு மேல் அனலாக அடிக்கும். அங்கே இருக்கும் நண்பரோடு ஒப்பிட்டுப் பார்த்து உங்கள் பெட்டி பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இப்போது நீங்கள் அனுப்பிய தெர்மோஸ்டாட் (சூட்டை ஏற்றி இறக்கும் கருவி) படத்துக்கு வருவோம். அதில் ஃபேன் "ஆன்" என்று இருக்கிறது. அம்மாவுக்குக் காற்றோட்டம் இல்லாவிட்டால் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது, அதனால் வைத்தோம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கிறது. "ஆன்" என்றால் ஹீட் பம்ப் நின்ற பிறகும் ப்ளோயர் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஊர்ப் பக்கம் பல டவுன்ஹோம்களில் டக்ட், அதாவது காற்று வரும் குழாய், கூரைக்கு அடியில் ஆட்டிக்கில் போகிறது. குளிர்ந்து கிடக்கும் அந்தக் குழாய்க்குள் புகுந்து வரும் காற்று சில்லென்று இல்லாமல் எப்படி இருக்கும்? "ஆட்டோ"வில் வைத்தால் காயில் சூடாக இருக்கும்போது மட்டும் காற்று வரும், நின்றால் நிற்கும். கோடையிலும் அதேதான். "ஆன்"-ல் விட்டால் காயிலில் படிந்த ஈரத்தைக் காற்று திரும்ப வீட்டுக்குள்ளேயே கொண்டு வந்து கொட்டும். ஜூலை மாதக் கசகசப்பில் அதன் அருமை தெரியும். அம்மாவுக்குக் காற்று வேண்டுமென்றால் கூரை விசிறியைப் போடுங்கள். அதன் மோட்டார் மேல் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், குளிர்காலத்தில் அதைத் தள்ளி எதிர்ப்பக்கம் சுற்றவிட்டு மெதுவாக ஓட விட்டால், மேலே தேங்கி நிற்கும் சூடு சுவர் வழியாக இறங்கும், முகத்தில் காற்று அடிக்காது.

அடுத்தது ஃபில்டர். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நான் கேட்டதற்கு "ஃபில்டரா?" என்று திருப்பிக் கேட்டீர்கள் பாருங்கள், அதிலேயே பதில் கிடைத்துவிட்டது. இங்கே வாடகைக்கு வருபவர்கள் எல்லாரும் முதல் வருடம் இதில்தான் மாட்டுவார்கள். கூரையிலோ சுவரிலோ பெரிய கம்பி வலை ஒன்று இருக்கும், காற்று உள்ளே போகும் வழி அது. அதைத் திறந்தால் அட்டைச் சட்டம் போட்ட ஃபில்டர் இருக்கும், ஓரத்தில் அளவு அச்சடித்திருப்பார்கள். ஒரு அங்குலத் தடிமன் என்றால் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேல் விடாதீர்கள். நம் வீடுகளில் இன்னும் சீக்கிரம் கறுத்துவிடும். தினமும் தாளிப்பு, வாரம் ஒரு வறுவல். அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூட் பல டவுன்ஹோம்களில் புகையை வெளியே தள்ளுவதில்லை, ஒரு வலையில் காட்டிவிட்டு நம் முகத்துக்கே திருப்பி ஊதுகிறது. அந்த எண்ணெய்ப் பிசுக்கு நேரே போய்ச் சேருமிடம் இந்த ஃபில்டர்தான். மெர்வ் என்பது ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதற்கான எண்; கடையில் மெர்வ் 13 என்று நல்லதாகப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஒரு அங்குல இடத்தில் அவ்வளவு அடர்த்தியானதைப் போட்டால் பல வீடுகளில் ப்ளோயர் திணறும். மெர்வ் 8 போதும்.

ராத்திரி சத்தத்துக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். சுவிட்சு வைத்து அளவைச் சொல்லும் புதுவகை மோட்டார் கொஞ்சம் பிடிவாதக்காரன். 1,000 சி.எஃப்.எம். என்று சொல்லிவிட்டால் வழி அடைத்துக் கிடந்தாலும் அந்த அளவைக் கொடுத்தே தீருவேன் என்று வேகத்தைக் கூட்டும். சத்தமும் கூடும், கரண்டும் கூடும். பழைய வகை மோட்டார் அப்படி இல்லை, வழி அடைத்தால் பேசாமல் குறைந்த காற்றைத் தந்துவிட்டுப் போகும். அதில் சுவிட்சே இருக்காது. உங்களுடையது அது இல்லை, விட்டுவிடுவோம்.

ஆளில்லாத அறையின் வென்ட்டுகளை மூடி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். லைட்டை அணைப்பது போல இதுவும் சிக்கனம் என்று தோன்றும். இல்லை, திறந்துவிடுங்கள். மூன்று வென்ட்டை மூடினால் பெட்டி சின்னதாகிவிடாது, மிச்சக் குழாய்களில் அழுத்தம்தான் ஏறும். பல பெட்டிகளின் காற்று அட்டவணை, டக்ட்டின் எதிர்ப்பு நீர்மட்டக் கணக்கில் (அழுத்தம் தண்ணீரை எவ்வளவு உயரம் தள்ளும் என்ற கணக்கு) அரை அங்குலத்துக்குள் இருக்கும் என்ற நினைப்பில் போடப்பட்டது. வென்ட்டை மூடி, ஃபில்டரையும் அடைய விட்டால் அதைத் தாண்டிப் போய்விடும். குளிர்காலத்தில் காற்று போதாவிட்டால் காயிலின் வெப்பம் இறங்க இடமில்லாமல் உள்ளே அழுத்தம் கூடி, பெட்டி தானே நின்றுவிடும். கோடையில் காற்று போதாவிட்டால் காயிலில் ஐஸ் கட்டும். ஆக, காற்று கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை.

சரி, சுவிட்சுக் கதை. நாங்கள் உங்கள் பக்கத்து ஊரான கேரியில் சொந்த வீடு வாங்கிய முதல் குளிர்காலம். எனக்கும் காற்று சில்லென்றுதான் பட்டது. எஞ்சினியர் என்ற திமிர் வேறு. கதவைக் கழற்றினேன், அட்டவணையில் "கூட்டு" என்று தெரிந்த இடத்துக்குச் சுவிட்சைத் தள்ளினேன். அந்தக் குளிர்காலம் இன்னும் சில்லென்று போனது, வெளியே குளிர் அதிகம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜூன் வந்தது. தெர்மோஸ்டாட் 76 காட்டுகிறது, உடம்பு மட்டும் பிசுபிசு என்று இருக்கிறது. காலையில் பொரித்த அப்பளம் மத்தியானத்துக்குள் நமத்துப் போகிறது, உப்பு கட்டி தட்டுகிறது, அலமாரியில் இருந்த தோல் செருப்பில் பூஞ்சை. மனைவி இது சென்னையைவிட மோசம் என்றாள். ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்று வாங்கி வைத்தால் 64 சதவீதம்.

கடைசியில் ஒரு டெக்னீஷியன் வந்தார். வந்தவர் முதலில் உள்ளே வரவே இல்லை, நேரே கொல்லைக்குப் போய் வெளி யூனிட்டின் தகட்டைப் பார்த்தார். மாடல் எண்ணுக்கு நடுவில் 030 என்று இருந்தது. 30,000 பி.டி.யூ., இரண்டரை டன். ஒரு டன்னுக்கு 12,000. 024 என்றால் இரண்டு டன், 036 என்றால் மூன்று. பிறகுதான் உள்ளே வந்து சுவிட்சைப் பார்த்துச் சிரித்தார். உள்பெட்டி மூன்று டன் வரை தாங்கும் வகை, பொருத்தியவர் சுவிட்சை அட்டவணையின் மூன்று டன் வரியிலேயே விட்டுப் போயிருக்கிறார், அதற்கு மேல் நான் வேறு கூட்டி வைத்திருக்கிறேன். ஒரு டன்னுக்கு 400 சி.எஃப்.எம். என்பது பொதுக் கணக்கு. ஈரப்பதமான ஊரில் 350 பக்கம் இறக்குவார்கள், வறண்ட ஊரில் 450 வரை போவார்கள். எங்கள் வீட்டில் 500-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. காற்று அவ்வளவு வேகமாகக் காயிலைத் தாண்டினால் காயில் போதுமான அளவு குளிராது, ஈரம் தண்ணீராகிச் சொட்டாது. அவர் இரண்டரை டன் வரிக்கு மாற்றி, ஒரு படி குறைத்தும் வைத்தார். பத்து நாளில் ஈரப்பதம் 50-க்கு வந்தது. அடுத்த குளிர்காலத்தில் வென்ட்டின் காற்றும் நாலைந்து டிகிரி கூடுதல் சூடாக வந்தது. சத்தமும் அடங்கியது.

அப்படியானால் ஒரேயடியாகக் குறைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கே ஒரு தடை உண்டு. உங்கள் பெட்டிக்குள் மின்கம்பி ஹீட்டரும் இருக்கிறது, தெர்மோஸ்டாட்டில் "ஆக்ஸ்" என்று வருவது அதுதான். 10 கிலோவாட் கம்பி என்றால் மணிக்கு 34,000 பி.டி.யூ. அதன் மேல் ஓட வேண்டிய குறைந்தபட்சக் காற்று எவ்வளவு என்று தகட்டிலேயே போட்டிருக்கும். அதற்குக் கீழே போனால் பாதுகாப்பு சுவிட்ச் அதை அணைத்துவிடும், அடிக்கடி அணைந்தால் கெட்டும் போகும். அதனால் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: வெளி யூனிட்டின் டன், கம்பியின் கிலோவாட், டக்ட்டின் அழுத்தம். முதல் இரண்டையும் படித்துவிடலாம். மூன்றாவதை மானோமீட்டர் வைத்து அளக்கத்தான் வேண்டும்.

உங்களுடையது வாடகை வீடு. அந்தக் கதவைத் திறந்ததே அதிகம், உள்ளே 240 வோல்ட் இருக்கிறது, பிரேக்கரை அணைக்காமல் இனிமேல் தொடாதீர்கள். ஏதாவது சுவிட்சைத் தள்ளியிருந்தால், நீங்கள் எடுத்த சுவிட்சுப் படத்தில் இருக்கும் பழைய நிலைக்கே, பிரேக்கரை அணைத்துவிட்டுத் திருப்பி வையுங்கள். பல போர்டுகள் கரண்ட் போய்த் திரும்ப வந்தால்தான் சுவிட்சைப் படிக்கும். பிறகு வீட்டு ஓனருக்கு எழுதுங்கள். "வீடு குளிர்கிறது" என்று மொட்டையாக எழுதினால் தெர்மோஸ்டாட்டை ஏற்றி வையுங்கள் என்று பதில் வரும். "ப்ளோயரின் காற்று அளவு வெளி யூனிட்டின் டன்னுக்குப் பொருந்துகிறதா, டக்ட்டின் அழுத்தம் எவ்வளவு என்று அளந்து பார்க்க ஆள் அனுப்புங்கள்" என்று எழுதுங்கள். விஷயம் தெரிந்தவன் என்று நினைத்து ஆள் அனுப்புவார்கள்.

இடையில் ஒரு விஷயம், கரண்ட் பில்லுக்காக. ராத்திரி 62-க்கு இறக்கிவிட்டு காலையில் 70-க்கு ஏற்றுகிறீர்கள். கேஸ் ஃபர்னஸ் வீட்டில் அது சிக்கனம். இங்கே எட்டு டிகிரியை ஒரே தாவில் ஏறச் சொன்னால் பல தெர்மோஸ்டாட்கள் உடனே "ஆக்ஸ்" கம்பியை எழுப்பிவிடும், ராத்திரி மிச்சம் பிடித்தது காலையிலேயே போய்விடும். இரண்டு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். "எமர்ஜென்சி ஹீட்" பக்கம் போகவே வேண்டாம், வெளி யூனிட் கெட்டுப்போன அன்றைக்கு மட்டும் அது. அப்புறம், ஒருநாள் காலையில் வெளி யூனிட்டிலிருந்து குபுகுபுவென்று புகை மாதிரி வரும், அம்மா பயந்துவிடுவார். புகை இல்லை, நீராவி. வெளிக் காயிலில் படிந்த பனியை அது உருக்கிக்கொள்கிறது. அந்தச் சில நிமிடங்கள் உள்ளே வரும் காற்றும் கொஞ்சம் குளிராக இருக்கலாம்.

இன்றைக்கு ஃபேனை "ஆட்டோ"வில் வையுங்கள், எல்லா வென்ட்டையும் திறங்கள், கடையில் புது ஃபில்டர் வாங்கிப் போடுங்கள், அதில் அம்புக்குறி பெட்டியைப் பார்த்து இருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, பெட்டி பத்து நிமிடம் ஓடிய பிறகு, சமையல் தெர்மாமீட்டர் ஒன்றை வென்ட்டிலும் காற்று உள்ளே போகும் வலையிலும் வைத்துப் பார்த்து இரண்டு எண்ணையும் அனுப்புங்கள். வெளி யூனிட்டின் தகட்டையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். சனிக்கிழமை அம்மாவைக் கேரி பெருமாள் கோயிலுக்கு அழைத்து வருவதாகச் சொன்னீர்களே, நானும் அங்கே இருப்பேன், மானோமீட்டர் வண்டியிலேயே கிடக்கிறது. ஓனர் சரி என்றால் திரும்பும் வழியில் வந்து அழுத்தத்தை அளந்துவிடலாம்.