கடலோரத் தாழ்வான பகுதியில் கீழ்த்தள வீடு, நடக்க முடியாத அம்மா: வெள்ளத்துக்கு முன்பே என்ன திட்டம் போடுவது?

அவசரப் பையில் என்னென்ன எடுத்து வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன். எந்த அடையாளத்தைப் பார்த்ததும் அம்மாவைக் கீழ்த்தளத்திலிருந்து மாற்றுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதை இன்றே, வெயில் அடிக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும்.

எங்கள் வீடும் கீழ்த்தளம்தான். தெருவே பள்ளம், அப்பாவுக்குப் பக்கவாதம். அந்த இரவு வாசலில் தண்ணீர் ஏறுகிறதா என்று டார்ச் அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். படி நனையவே இல்லை. திடீரென்று குளியலறையிலிருந்து களக் களக் என்று சத்தம். போய்ப் பார்த்தால் கழிப்பறையிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் பொங்குகிறது! சாக்கடை எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. கால் மணி நேரத்தில் கட்டிலின் பாதிக் கால் மூழ்கியது. அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பைத் துண்டால் கட்டி, மூன்று பேராக மாடிக்குத் தூக்கினோம். அதில் இரண்டு பேர் மாடி வீட்டுக்காரர்கள். அன்று அவர்கள் ஊரில் இல்லாமல் போயிருந்தால் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

மழை விட்டதும் வடிந்துவிடும் என்று நான் காத்திருந்ததுதான் தவறு. கடலோரத்தில் வடிகாலின் வாய் கடலிலோ கழிமுகத்திலோ இருக்கும். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் அந்த வாய் அடைபட்ட மாதிரிதான், மழை நின்றாலும் தண்ணீர் போகாது. கடல்மட்டம் இப்படி ஏறி இறங்குவதைத்தான் ஓதம் என்கிறோம். பெரும்பாலான கடற்கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஓதம் ஏறும். அதனால் ஏறும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் உயரமாக ஏறும். புயல் காற்று கடலைக் கரைக்குத் தள்ளினால் அதற்கும் மேலே. வானிலை அறிவிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அன்றைய ஓத நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது நாங்கள் இரண்டு அடையாளம் வைத்திருக்கிறோம். கனமழை அல்லது புயல் எச்சரிக்கை வந்து, ஓதம் இரவில் ஏறுவதாக இருந்தால், அப்பாவைப் பகல் வெளிச்சத்திலேயே மாற்றிவிடுவோம். தண்ணீர் வராமல் போனால் போகட்டும், வீண் அலைச்சல் என்று யாரும் பேசக்கூடாது. இரண்டாவது, குளியலறைத் தண்ணீர் இறங்காமல் நின்றாலோ சத்தம் போட்டாலோ உடனே மாடிக்கு. ஆனால் கடல் உட்புகும் என்று சொல்லி அரசு வெளியேறச் சொன்னால் மாடி போதாது, அந்தப் பகுதியைவிட்டே போய்விடுங்கள்.

இரவை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 1953 ஜனவரி 31 இரவு நெதர்லாந்தில் கடல் கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது, வானிலை எச்சரிக்கை ஏற்கனவே போயிருந்தது. ஆனால் வானொலி இரவில் ஒலிபரப்பை நிறுத்திவிடும் காலம் அது. ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 1,836 பேர் இறந்தார்கள். வங்கதேசக் கரையில் 1970 புயல் 3 லட்சம் பேருக்குக் குறையாமல் பலி வாங்கியது. அதன்பிறகு ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போய்ச் சொல்லும் தன்னார்வலர்களையும் புகலிடக் கட்டடங்களையும் ஏற்படுத்தினார்கள். பிற்காலப் புயல்களில் உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. செல்போன் கோபுரம் செயலிழந்த இரவில் உங்கள் கதவைத் தட்டப்போவது யார்? அந்த ஆளிடம் இப்போதே பேசி வையுங்கள். தூக்கக்கூடிய இரண்டு பேரிடமும்தான்.

அடுக்குமாடியாக இருந்தால் ஜெனரேட்டர், மின்பலகை, மோட்டார் எல்லாம் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். 2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் மேலே பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு எரிபொருள் அனுப்பும் பம்பு அடித்தளத்தில் மூழ்கிப்போனது. 300க்கும் மேற்பட்ட நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. வீட்டில் பலர் மறப்பது இன்வெர்ட்டரை. மெயின் சுவிட்சை அணைத்தாலும் இன்வெர்ட்டர் வழியாக மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். தண்ணீர் பிளக் பாயிண்டைத் தொடும் முன், கை கால் ஈரமில்லாதபோது, இரண்டையும் அணையுங்கள். ஏற்கனவே ஈரத்தில் நிற்கிறீர்கள் என்றால் சுவிட்ச் பக்கமே போகாதீர்கள். சாக்கடைக் குழாயில் தண்ணீர் திரும்பி வராதபடி ஒருவழி வால்வு போட முடியுமா என்று பிளம்பரிடம் கேளுங்கள். நாங்கள் போட்டுவிட்டோம்.

இனி பை. அம்மாவின் மருந்து ஒரு வாரத்துக்கு, மருந்துச் சீட்டின் நகல், கண்ணாடி, குடிநீர், டார்ச், பவர் பேங்க், கொஞ்சம் ரொக்கம், ஆவணங்கள். எல்லாவற்றையும் தண்ணீர் புகாத உறையில் போடுங்கள். என் அப்பாவின் மாத்திரைகள் அந்த இரவில் நனைந்து கூழாகிவிட்டன.

ஓடும் வெள்ளத்தில் இறங்காதீர்கள். 15 செ.மீ. ஆழ ஓட்டமே பெரியவர்களைத் தள்ளிவிடும், 30 செ.மீ. சிறிய காரை நகர்த்திவிடும், மூடி பெயர்ந்த சாக்கடைக் குழி கண்ணுக்கே தெரியாது.

இதையெல்லாம் ஒருமுறை செய்து பாருங்கள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை நாற்காலியில் வைத்து மாடி ஏற்றிப் பார்த்தோம். 11 நிமிடம் ஆனது. படிக்கட்டுத் திருப்பத்தில் நாற்காலிக் கால் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. இப்போது அகலம் குறைந்த நாற்காலி ஒன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.