பேப்பர் எண்ணிக்கையை வைத்து ஒரு கணினி, மின்னணு ஆய்வு நிறுவனத்தை எடைபோடலாமா?

கேள்வி கேட்டவர் எம்.இ. இறுதியாண்டில் இருக்கிறார். பிஎச்.டி. சேர இரண்டு நிறுவனங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றின் ஆண்டறிக்கையில் கணினி அறிவியலும் மின்னணுவியலும் சேர்த்து ஒரே வருடத்தில் 240 ஆய்வுக் கட்டுரைகள். மற்றதில் 31. பெரிய எண் இருக்கும் இடத்துக்குத்தானே போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அந்த எண்ணை நம்பி முடிவெடுத்துவிடாதீர்கள். நான் மின்னணுவியலில் பிஎச்.டி. முடித்து, இப்போது சிப் வடிவமைப்புத் துறையில் வேலை பார்க்கிறேன். உங்கள் இடத்தில் நின்று இதே குழப்பத்தைப் பட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 240 எதையெதை எல்லாம் கூட்டி வந்தது என்று பாருங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு துறைகளுக்கும் காலக்கணக்கே வேறு. விடுதியில் என் அறைத்தோழி இயந்திரக் கற்றல் பக்கம். நான் அனலாக் சிப் பக்கம். அவள் ஒரு யோசனையை மாலையில் எழுதி, இரவு முழுக்க சர்வரில் ஓடவிட்டு, காலையில் முடிவைப் பார்ப்பாள். சரியில்லை என்றால் அன்றைக்கே மாற்றுவாள். நான் ஒரு அனலாக்-டிஜிட்டல் மாற்றியை வரைந்து, சிமுலேஷன் பார்த்து, லேஅவுட் போட்டு, டேப்-அவுட் கொடுத்தேன், அதாவது தயாரிப்புக்கு அனுப்பினேன். பல கல்லூரிகளும் கம்பெனிகளும் ஒரே வேஃபரில் (சிப்கள் பதியும் சிலிக்கான் தட்டில்) ஆளுக்குக் கொஞ்சம் இடம் வாங்கிக்கொள்ளும் ஷட்டில் முறை அது. சிப் திரும்பி வர மாதக்கணக்கில் காத்திருந்தேன். வந்த சிப்பை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்த அன்றைக்குக் கை நடுங்கியது. பவர் கொடுத்தேன், பாதி சிப் விழிக்கவில்லை. சிப்பைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் ரீசெட் சிக்னல் ஒன்றின் துருவத்தைத் தலைகீழாகக் கொடுத்திருந்தேன். சிலிக்கானில் பதிந்ததை ரப்பர் வைத்து அழிக்க முடியாது. அடுத்த ஷட்டிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆறு வருட முடிவில் என் பெயரில் இரண்டு ஜர்னல் கட்டுரைகளும் மூன்று மாநாட்டுக் கட்டுரைகளும் இருந்தன. அவள் நாலரை வருடத்தில் ஏழு மாநாட்டுக் கட்டுரைகளோடு முடித்தாள். அவள் உழைப்பும் கடுமையான உழைப்புதான், நேரில் பார்த்தவள் நான். ஆனால் எங்கள் நிறுவனத்தின் கட்டுரைக் கணக்கில் ஏழும் ஐந்தும் ஒரே பத்தியில் கூட்டப்பட்டு 12 ஆயின. அந்த 12 யாருக்கு என்ன சொல்லும்? உயர்தர சிப் ஜர்னல்களில் வெறும் சிமுலேஷன் வரைபடங்களை வைத்துக்கொண்டு நுழைவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். தயாரித்து, அளந்து, அளவீட்டைக் காட்ட வேண்டும். ஆகவே மின்னணுவியல் வலுவாக உள்ள இடத்தில் எண் சிறியதாக இருந்தால் அது பெரும்பாலும் நல்ல அறிகுறி.

கணினி அறிவியலில் இன்னொரு சிக்கல். அங்கே முதல்தர வேலை பெரும்பாலும் மாநாடுகளில் வெளியாகிறது. சாட்ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரையே 2017இல் ஒரு மாநாட்டில் வந்ததுதான். நம் ஊர்க் கல்லூரிகளிலோ "ஜர்னல்தான் கணக்கு" என்ற பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்குப் போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பொறியியல் பிரிவுக்கு ஆய்வு சார்ந்த மதிப்பெண் 100க்கு 30. அதற்காக எண்ணைப் பெருக்கும் ஆசை எல்லோருக்கும் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு தனியார் கல்லூரியில் ஒவ்வொரு ஆசிரியரும் வருடத்துக்கு இத்தனை பேப்பர் போட்டே ஆக வேண்டும் என்று வாய்மொழி உத்தரவு. காசு கட்டினால் ஒரு வாரத்தில் ஏற்றுக்கொள்ளும் ஜர்னல்கள் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு தோழி அழுதுகொண்டே போன் செய்தாள். அவள் கட்டுரை வந்த ஜர்னல், அங்கீகரிக்கப்பட்ட ஜர்னல்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது, மூன்று வருட உழைப்புக்குக் கணக்கில்லை. 2022இல் யு.ஜி.சி., பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்தது. எனக்கு அது பெரிய நிம்மதி. ஆனாலும் பல இடங்களில் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை.

எண்ணின் எதிர்முனைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி. கணினி அறிவியல் துறையிலிருந்து ஒரு சிறிய கட்டுரை வெளிவந்தது. மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா என்று மூன்று பேர். பின்னிருவரும் அந்த வருடம்தான் பி.டெக். முடித்திருந்தார்கள். ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்பதை, எந்த யூகத்தையும் நம்பாமல், அதிர்ஷ்டத்தையும் சேர்க்காமல், பல்லுறுப்புக்கோவை நேரத்தில் (எண் நீண்டாலும் கணக்கிடும் நேரம் கட்டுக்கடங்காமல் எகிறாத வகையில்) உறுதியாகச் சொல்லிவிடலாம் என்று நிறுவினார்கள். 2004இல் அது அன்னல்ஸ் ஆஃப் மேதமேடிக்ஸ் இதழில் அச்சானபோது வெறும் 13 பக்கம். 2006இல் கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கான கோடல் பரிசு. ஆண்டறிக்கைக் கணக்கில் அதுவும் ஒன்றுதான், காசு கட்டிப் போட்ட கட்டுரையும் ஒன்றுதான்!

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? ஒரு நிறுவனத்திலிருந்து வெளியே வந்த எதை மற்றவர்கள் கையில் எடுத்து மேலே வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். அது கட்டுரையாக இருக்கலாம், சிப்பாக இருக்கலாம், நிரலாக இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம்.

எனக்குப் பிடித்த உதாரணம் சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி. பேராசிரியர் காமகோடியின் ரைஸ் குழு 2014இல் தொடங்கிய செயலித் திட்டம். பெர்க்லியில் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியை (செயலி புரிந்துகொள்ளும் கட்டளைகளின் பட்டியலை) எடுத்துக்கொண்டு அதன் மேல் செயலிகளை வடிவமைத்தார்கள். வடிவமைப்பின் மூல நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார்கள். 2018இல் முதல் சிப் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் (இந்த எண் சிறியதானால் நுட்பம் புதியது) உருவாகி வந்து, அதில் லினக்ஸ் ஓடியது. அதே வருடம் நம் நாட்டு செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டரில் இன்னொன்று. 2020இல் மௌஷிக் என்ற சிப். 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்து இஸ்ரோ பிரிவோடு சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்காகச் செய்த ஐரிஸ் சிப்.

180 நானோமீட்டர் என்றால் பழசுதானே என்று சிலர் முகம் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். விண்கலத்தின் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கைப்பேசியின் வேகம் தேவையில்லை. நம்பகம் வேண்டும், நம் நாட்டிலேயே தயாரிக்க முடிய வேண்டும். வடிவமைப்பும் உள்ளூர், தயாரிப்பும் உள்ளூர் என்று ஆகும்போது அந்தப் பழைய ஆலைக்கே புது மதிப்பு வந்துவிடுகிறது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் இன்கோர் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். ஐ.ஐ.டி.யில் வளர்ந்த மைண்ட்குரோவ் என்ற இளம் கம்பெனி சக்தியின் செயலி மையத்தை (கோர்) வைத்துச் சிப் செய்தது. கட்டுரைப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இதில் முக்கால்வாசி தெரியாது.

2014, 2018, 2020, 2025 என்ற வருடங்களை மறுபடி பாருங்கள். ஒரே நூலை விடாமல் இழுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு பிஎச்.டி. மாணவர் உள்ளே வந்து, வேலையைக் கற்று, ஆய்வேடு எழுதி வெளியேறுவதைவிட இது நீண்ட காலம். அப்படியானால் ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்கியிருக்க வேண்டும். இந்தத் தொடர்ச்சி உள்ள லேபில் சேர்ந்தால் முதல் வருடத்திலேயே உங்களுக்கு முன்னால் இருந்தவரின் தப்புகள் இலவசமாகக் கிடைக்கும். என் ரீசெட் தப்பை என் கைடு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். எனக்குப் பின் வந்த யாரும் அதைச் செய்யவில்லை. அதை எந்த ஆண்டறிக்கையில் சேர்ப்பது?

ஆட்களைச் சொன்னேன் அல்லவா, அதற்கு டிஃப்ராக் என்ற பழைய கணினியை விட்டால் வேறு நல்ல கதை எனக்குத் தெரியாது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1950களில் ஒரு சின்னக் குழு சொந்தமாகக் கணினி கட்டியது. தலைமை, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன். குழுவில் பெரும்பாலோர் அதற்கு முன் கணினியைத் தொட்டதே இல்லை. 40 பிட் சொற்கள் 2048ஐ வைத்துக்கொள்ளும் ஃபெரைட் நினைவகம், வெற்றிடக் குழாய்கள். 1960இல் முழு இயந்திரம் வேலைக்கு வந்தது. 1962இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். அதற்குள் உலகம் டிரான்சிஸ்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. இயந்திரத்தை மட்டும் பார்த்தால் பிறக்கும்போதே மூத்துப்போனது. ஆனால் நரசிம்மன் அதற்குப் பின், படங்களில் உள்ள வடிவங்களை வாக்கியத்தை இலக்கணத்தால் அலசுவதுபோல அலசலாம் என்ற துறைக்கு முன்னோடியானார். 1965இல் இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவர். பின்னாளில் என்.சி.எஸ்.டி. என்று அறியப்பட்ட மென்பொருள் மையமும் அவர் முயற்சியில் அந்த நிறுவனத்தில்தான் முளைத்தது. கணினியைக் கட்டிக் கட்டியே கணினி கற்ற ஒரு தலைமுறை அங்கே உருவானது.

அப்புறம் நீங்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று. ஷோத்கங்கா தளத்தில் பெரும்பாலான இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் இல்லையென்றால் நிறுவனத்தின் நூலகத் தளத்தில் தேடுங்கள். நீங்கள் சேர நினைக்கும் கைடின் கீழ் முடித்தவர்களின் ஆய்வேடுகளில் கடைசி நான்கைந்தை இறக்கிக்கொள்ளுங்கள். முழுக்கப் படிக்க வேண்டாம். கடைசி அத்தியாயத்தில் "இனிச் செய்ய வேண்டியவை" என்று ஒரு பகுதி இருக்கும். அதில் எழுதியதை அடுத்த மாணவர் கையில் எடுத்தாரா, அல்லது ஒவ்வொருவரும் புதிதாக ஒரு தலைப்பைப் பிடித்துத் தனியாக அலைந்தாரா என்று பாருங்கள். பிறகு நன்றியுரைக்குப் போங்கள். லேப் டெக்னீஷியன் பெயர், சீனியர் பெயர், இரவு சர்வர் விழுந்தபோது ஓடிவந்தவர் பெயர் இருக்கிறதா? கைடுக்கும் குடும்பத்துக்கும் மட்டும் நன்றி சொல்லி முடிந்திருந்தால் அந்த லேபில் ஆட்கள் ஒருவருக்கொருவர் அவ்வளவாகப் பேசிக்கொள்வதில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். இதுவரை பெரும்பாலும் தப்பவில்லை.

முடிந்தால் இரண்டு இடத்துக்கும் ஒரு நாள் நேரில் போங்கள். மூன்றாம் வருட ஸ்காலர் ஒருவரை டீக்குக் கூப்பிட்டு, "இப்போது எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். சிப் வர வேண்டும், கருவி சரியாக வேண்டும், நிரூபணத்தில் ஒரு படி உதைக்கிறது என்று சொன்னால் அங்கே வேலை நடக்கிறது. ஜர்னலிலிருந்து ஏற்பு மெயில் வர வேண்டும் என்று மட்டும் சொன்னால், அந்த 240 எங்கிருந்து வந்தது என்று இன்னும் ஒருமுறை நன்றாக விசாரியுங்கள்.