தசையின் ஆக்சிஜன், ஐஸ் தொட்டி, பழுப்புக் கொழுப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

உடலியக்கம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்கு வயது 51. கோவையில் சின்னதாக ஒரு பைக் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக டாக்டர் சொன்னதிலிருந்து காலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். ஜிம்முக்கும் போகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் தொடையில் கட்டிக்கொள்ளும் ஒரு கருவியை வாங்கி அனுப்பினான். தசையில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அது காட்டுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 காட்டுவது, ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் 30-க்கு வந்துவிடுகிறது. கொரோனா சமயத்தில் 94-க்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். 30 என்றால் என்ன அர்த்தம்? ஏற்றத்தில் ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டுமா?

இன்னொன்று. ஜிம்மில் எடைப் பயிற்சி முடிந்ததும் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் பத்து நிமிடம் உட்காரச் சொல்கிறார் பயிற்சியாளர். பழுப்புக் கொழுப்பு விழித்துக்கொண்டு வயிற்றுக் கொழுப்பை எரிக்குமாம், சர்க்கரையும் இறங்குமாம். அதற்குத் தனிக் கட்டணம். சேரலாமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

ஏற்றத்தை நிறுத்த வேண்டாம். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ இல்லாமல் ஓட்டுகிறீர்கள் என்றால், அந்த 30 பயப்படும் எண் அல்ல. உங்கள் தொடைத் தசை வேலை செய்கிறது என்பதற்கான சாட்சி அது.

விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரும் தொடையில் கட்டிய கருவியும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். இரண்டும் ஒளியைத்தான் உள்ளே அனுப்புகின்றன. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சும் விதம் வேறு, ஆக்சிஜனை இறக்கிய ஹீமோகுளோபின் உறிஞ்சும் விதம் வேறு. அந்த வேறுபாட்டை வைத்துத்தான் கணக்கு. ஆனால் விரல் கருவி, நாடித்துடிப்போடு துள்ளிவரும் தமனி இரத்தத்தை மட்டும் பிரித்துப் பார்க்கிறது. நுரையீரல் தன் வேலையைச் சரியாகச் செய்து இரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றி அனுப்பியதா என்பது அதன் கேள்வி. அங்கே 94-க்குக் கீழே போவது ஆபத்து. தொடைக் கருவியோ தசைக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்களில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறது. தசை எடுத்துக்கொண்டால் மிச்சம் குறையத்தானே செய்யும்? அந்த ஏற்றத்திலேயே விரலில் அளந்தால், ஆரோக்கியமானவருக்கு அநேகமாக 95-க்கு மேல்தான் இருக்கும்.

தமனியில் வரும் ஒரு லிட்டர் இரத்தத்தில் சுமார் 200 மில்லி லிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. ஓய்வில் உடல் அதில் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. மீதி முக்கால் பங்கும் இதயத்துக்கே திரும்பிப் போகிறது. கடுமையாக மிதிக்கும்போது இரண்டு காரியம் நடக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் இறைத்த இதயம் 15, 20 லிட்டர் இறைக்கிறது, அதில் பெரும்பகுதி தசைகளுக்குப் போகிறது. அதே நேரத்தில் தசையும், வரும் ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் முன்பைவிட அதிகமாக ஆக்சிஜனை உருவிக்கொள்கிறது. உடல் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகிறது என்பது இந்த இரண்டின் பெருக்கல். ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் ஃபிக் 1870-ல் சொன்ன கணக்கு. இன்றும் அதுதான் அடிப்படை.

இந்தக் கணக்கின் இரண்டாவது பாதி உங்கள் வயதுக்காரர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கவைத்தார்கள். பெங்ட் சால்டின் என்ற ஸ்வீடன் நாட்டு உடலியங்கியல் அறிஞர் அந்தக் குழுவில் இருந்தார். எழுந்து வந்தபோது அவர்கள் உடலின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு கால் பங்குக்கும் மேல் சரிந்திருந்தது. முப்பது வருடம் கழித்து, 1996-ல், அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். முப்பது வருட முதுமை அவர்களிடமிருந்து பறித்தது, அந்த மூன்று வாரப் படுக்கை பறித்ததைவிடக் குறைவு. வாசித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

கதை அதோடு முடியவில்லை. ஐம்பது வயதில் இருந்த அந்த ஐந்து பேருக்கும் ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். முப்பது வருடத்தில் இழந்த திறன் அத்தனையும் திரும்பி வந்தது. இருபது வயதில், படுக்கைக்குப் பிறகு கொடுத்த பயிற்சியில் எட்டிய உச்சத்தை யாரும் தொடவில்லை, ஆனால் இருபது வயதில் பயிற்சி இல்லாமல் இருந்த நிலைக்கு வந்துவிட்டார்கள். அது எப்படி வந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதில். இதயம் உச்சத்தில் இறைக்கும் அளவு கூடவில்லை. இரத்தத்திலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் திறன்தான் கூடியிருந்தது. அதாவது ஐம்பது வயதுத் தசை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்கிறது. பயிற்சியால் தசையில் தந்துகிகள் என்ற நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுகின்றன. உங்கள் கருவியில் எண் 70-லிருந்து 30-க்கு இறங்குவதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

அதற்காக அந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒளி தோலைக் கடந்து ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான் போகிறது. தொடையில் கொழுப்பு தடிமனாக இருந்தால் தசையைவிடக் கொழுப்பைத்தான் அதிகம் பார்க்கும். இரத்தத்தின் ஹீமோகுளோபினையும் தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மையோகுளோபினையும் அதனால் பிரித்தறிய முடியாது. பட்டையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினால் எண் மாறும். ஆகவே உங்கள் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை.

சரி, ஐஸ் தொட்டிக்கு வருவோம்.

பழுப்புக் கொழுப்பு உண்மையான விஷயம்தான், பயிற்சியாளர் கதை விடவில்லை. சாதாரண வெள்ளைக் கொழுப்பு சேமிப்பு. பழுப்புக் கொழுப்பு எரிக்கிற திசு. அதற்குள் மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கமாக இருக்கின்றன, இரத்தக் குழாய்களும் அதிகம், அந்த நிறமே அதனால்தான். மற்ற செல்களில் உணவின் ஆற்றல் ஏடிபி என்ற மூலக்கூறாக மாறி வேலைக்குப் போகும். பழுப்புக் கொழுப்பில் யூசிபி1 என்ற புரதம் அந்த இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. நீங்கள் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பதால் சொல்கிறேன், பைக்கை நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்குவதுபோல. வண்டி நகராது, இஞ்சின் சூடாகும். அந்தச் சூடுதான் இங்கே நோக்கம். பிறந்த குழந்தைக்குப் பெரியவர்களைப்போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள வராது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்புதான் அதைக் காக்கிறது.

பெரியவர்களானால் இது மறைந்துவிடும் என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. கதிரியக்கம் ஏற்றிய குளூக்கோஸைச் செலுத்தி, அது உடலில் எங்கே அதிகம் போகிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேனைப் புற்றுநோயாளிகளுக்கு எடுக்க ஆரம்பித்தபோது, சிலருக்குக் கழுத்திலும் காறை எலும்புக்கு மேலேயும் குளூக்கோஸ் ஏராளமாகப் போவது தெரிந்தது. நோயாளி பதற்றத்தில் கழுத்துத் தசையை இறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். பெட் ஸ்கேனையும் சிடி ஸ்கேனையும் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கும் வசதி வந்த பிறகுதான், அந்த இடத்தில் இருப்பது தசை அல்ல, கொழுப்பு என்று தெரிந்தது. 2009 ஏப்ரலில் பாஸ்டன், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட், ஃபின்லாந்தின் துர்க்கு ஆகிய இடங்களைச் சேர்ந்த மூன்று குழுக்களின் ஆய்வுகள் ஒரே மருத்துவ இதழில் வந்தன. மாஸ்ட்ரிக்டில் 24 ஆண்களை 16 டிகிரி குளிரில் வைத்து ஸ்கேன் எடுத்தபோது 23 பேரிடம் பழுப்புக் கொழுப்பு இயங்கியது. பருமனாக இருந்தவர்களிடம் குறைவாக இயங்கியது.

கதிரியக்கமும் செலவும் இல்லாமல் இதை அளக்க ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு வழி தேடினார்கள். உங்கள் தொடையில் இருக்கும் கருவி அனுப்புகிற அதே வகை அகச்சிவப்பு ஒளியைக் காறை எலும்புக்கு மேலே செலுத்தி, அங்கே ஹீமோகுளோபின் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்று பார்த்தார்கள். இரத்தம் மிகுந்த திசு அல்லவா, ஒளியிலும் அது தெரிகிறது.

இத்தனையும் உண்மை. ஆனால் இதன் அளவைப் பாருங்கள். பெரியவர்களிடம் ஸ்கேனில் தெரியும் பழுப்புக் கொழுப்பு பெரும்பாலும் சில பத்து கிராமிலிருந்து சில நூறு கிராம்தான். அது உபயோகிக்கும் ஆக்சிஜனை நேரடியாக அளந்த ஆய்வுகளில், குளிரில் இயங்கும்போதும் ஒரு நாள் முழுவதற்குமான கணக்கு சில பத்து கலோரிகளைத் தாண்டவில்லை. உங்கள் உடலில் தசை இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். அரை மணி நேரம் வேகமாக நடந்தாலே நூறு கலோரிக்கு மேல் போய்விடும். குளிரில் நடுங்கும்போது சூட்டின் பெரும்பங்கைத் தருவதும் தசைதான். ஒரு காலத்தில் பழுப்புக் கொழுப்பின் வேலையைத் தசையின் கணக்கில் எழுதினார்கள். இன்று உங்கள் ஜிம்மில் தசையின் வேலையைப் பழுப்புக் கொழுப்பின் கணக்கில் எழுதுகிறார்கள்.

பயிற்சியாளர் பக்கமும் ஒரு ஆதாரம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. 2013-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தினம் இரண்டு மணி நேரம் 17 டிகிரி அறையில் லேசான உடையோடு ஆறு வாரம் இருந்தவர்களுக்குப் பழுப்புக் கொழுப்பின் செயல் கூடி, உடல் கொழுப்பும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அது மிதமான குளிர், தினம் இரண்டு மணி நேரம். பத்து நிமிட ஐஸ் தொட்டி அல்ல.

சர்க்கரைக்கு வருகிறேன், உங்களுக்கு முக்கியமானது அதுதான். இன்சுலினைச் செலுத்தி அளந்த ஆய்வுகளில், குளூக்கோஸில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது எலும்புத் தசை. அதைவிடப் பெரிய விஷயம், தசை சுருங்கும்போது இன்சுலின் சொல்லாமலேயே குளூக்கோஸுக்கான வாசல்களைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. தெற்காசியர்களான நமக்கு இது இன்னும் பொருந்தும். 2014-ல் வெளியான, நெதர்லாந்தில் செய்த சிறிய ஆய்வு ஒன்றில், அங்கே வாழும் ஒல்லியான தெற்காசிய இளைஞர்களிடம் பழுப்புக் கொழுப்பு வெள்ளையர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. நமக்குக் குறைவாகக் கிடைத்ததை நம்பிப் பணம் கட்டுவதைவிட, எல்லோருக்கும் நிறைய கிடைத்திருக்கும் தசையை வளர்ப்பதே மேல் என்பது என் கருத்து.

அந்தத் தசையின் வளர்ச்சியைத்தான் ஐஸ் தொட்டி கெடுக்கிறது. 2015-ல் ஒரு ஆய்வில் பன்னிரண்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் ஒரு குழு 10 டிகிரித் தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார்ந்தது, இன்னொரு குழு லேசாக சைக்கிள் மிதித்தது. தண்ணீரில் உட்கார்ந்தவர்களுக்குத் தசையும் பலமும் குறைவாகவே கூடின. உங்கள் பயிற்சியாளர் சொல்லும் நேரமும் நிமிடமும் அப்படியே அதுதான். போதாததற்கு, திடீரென்று ஐஸ் தண்ணீரில் இறங்கினால் மூச்சு திணறி ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இதயத்தில் தெரியாத கோளாறு இருப்பவருக்கு அது விபரீதம். ஐம்பது தாண்டிய ஒருவரைப் பரிசோதனை எதுவும் கேட்காமல் அதில் இறக்குவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

தொட்டியில் சேர வேண்டாம். எடைப் பயிற்சியை விடவும் வேண்டாம். முடிந்தால் இரவு உணவுக்குப் பிறகு கால் மணி நேரம் நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் கடினமாக ஓட்டத் தொடங்கிவிட்டதால் ஒருமுறை உங்கள் டாக்டரிடம் சொல்லி டிரெட்மில் டெஸ்ட் தேவையா என்று கேளுங்கள். தசை ஆக்சிஜனைக் காட்டும் கருவி இதயத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

மகன் அனுப்பிய கருவியை மூலையில் போட வேண்டாம். ஒரே தொடையில் ஒரே இடத்தில் கட்டி, அதே ஏற்றத்தை மாதம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு இறங்குகிறது என்பதோடு, மேலே போய் நின்றதும் எண் எவ்வளவு சீக்கிரம் 70-க்குத் திரும்புகிறது என்றும் குறித்துவையுங்கள். பயிற்சி ஏற ஏற அந்தத் திரும்பும் நேரம் குறைந்துகொண்டே வரும். ஆறு மாதம் கழித்து அந்தக் குறிப்பையும் சர்க்கரை அளவையும் எனக்கு எழுதுங்கள்.