“குடிப்பழக்கம் உண்டா?” என்று கேட்டால் உண்மை வராது

கேள்வி: சமூகப்பணி முதுகலை ஆய்வுக்காகக் கட்டடத் தொழிலாளர்களிடம் போதைப் பழக்கம் பற்றிக் கேட்கிறேன். முன்னோட்டமாக 30 பேரிடம் கேட்டதில் 2 பேர்தான் குடிப்பதாகச் சொன்னார்கள். உண்மையான பதில் பெற என்ன செய்யலாம்?

பதில்: எங்கே வைத்துக் கேட்டீர்கள்? மேஸ்திரி நாலடி தள்ளி நிற்கும்போது ‘இல்லை’ என்பதுதான் தொழிலாளிக்குப் பாதுகாப்பான பதில். நாளைய வேலை அதில் இருக்கிறது. மறைவான இடம் பிடியுங்கள். கையெழுத்து கேட்டாலே பெயர் வெளியே போகும் என்று பயப்படுவார்கள். வாய்மொழி ஒப்புதல் போதுமா என்று நெறிமுறைக் குழுவிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், கேள்வி. ‘குடிப்பழக்கம்’ என்ற சொல்லிலேயே பழி ஒட்டியிருக்கிறது. சம்பள நாளில் மட்டும் குடிப்பவர் அதைப் பழக்கமாகவே நினைப்பதில்லை. அவர் ‘இல்லை’ என்பது பொய்யும் அல்ல. ‘கடைசியாக எப்போது குடித்தீர்கள்?’ என்று கேளுங்கள். குடிக்காதவர் ‘தொட்டதே இல்லை’ என்று தானே சொல்லிவிடுவார். ஞாயிறு, சம்பள நாள், ஊர்த் திருவிழா என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனால் மறந்ததும் நினைவுக்கு வரும். அளவையும் அவர் சொல்லும் வார்த்தையிலேயே கேளுங்கள்: குவாட்டர், கட்டிங். 42.8 சதவீத மதுவில் 180 மி.லி. குவாட்டர் என்றால் சுமார் 60 கிராம் ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனத்தின் 10 கிராம் அலகுப்படி ஆறு அலகு. இந்தக் கணக்கை நீங்கள் போடுங்கள், அவரைப் போடவைக்காதீர்கள். புகையிலையிலும் இப்படித்தான், ‘ஹான்ஸ்’ (வாயில் அடக்கும் புகையிலை) என்று பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் அது விடுபட்டுப் போகும்.

கஞ்சா போல வழக்குப் பயம் உள்ளவற்றுக்கு நாணயம் உதவும். 1965-இல் ஆய்வாளர் ஸ்டான்லி வார்னர் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த முறை இது. பதில் சொல்பவர் உங்களுக்குக் காட்டாமல் நாணயத்தைச் சுண்டட்டும். தலை விழுந்தால் எப்படியும் ‘ஆம்’. பூ விழுந்தால் உண்மை. 100 பேரில் 60 ‘ஆம்’ வந்தால், ஏறக்குறைய 50 நாணயத்தால் வந்தவை. மீதி 50 பேரில் 10 பேர், அதாவது சுமார் 20 சதவீதம். யார் அந்தப் பத்துப் பேர் என்பது உங்களுக்கே தெரியாது. அதனால்தான் பயமில்லாமல் சொல்வார்கள். ஆனால் இதற்கு நிறையப் பேர் வேண்டும். 30 பேரை வைத்துச் செய்யாதீர்கள்.

பதிலைச் சரிபார்க்கச் சிறுநீரில் கோட்டினின் (நிக்கோட்டின் உடலில் மாறி உண்டாகும் பொருள்) பார்க்கலாம்தான். அது கடைசிச் சில நாட்களின் புகையிலையை மட்டுமே காட்டும். செய்வதானால் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். மிரட்டலாக வைக்க வேண்டாம்.

அந்த 30 படிவங்களை முடிவில் சேர்க்காதீர்கள். கேள்விகளை மாற்றி, வேறு கட்டட வேலை இடத்தில் பத்துப் பேரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் சொன்னது மேஸ்திரி காதுக்குப் போனால், அந்த இடத்தில் அப்புறம் யாரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள்.