ஹீட்டர் மேல் தப்பில்லை, ஒயர்தான் பாவம்

கேள்வி: கோத்தகிரியில் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பனிக்கு 2000 வாட் ரூம் ஹீட்டர் வாங்கினோம். காலையில் அதுவும் 2000 வாட் கீசரும் சேர்ந்து ஓடினால் ஒன்றும் ஆவதில்லை. 1800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பையும் போட்டால் பத்து நிமிடத்துக்குள் எம்.சி.பி. (லோடு கூடினால் தானாகக் கரண்ட்டை நிறுத்தும் ஸ்விட்ச்) விழுந்துவிடுகிறது. ஹீட்டரில் குறையே இல்லை என்கிறார் கடைக்காரர். 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 32 போடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: கடைக்காரர் பேச்சை. எலக்ட்ரீஷியன் சொன்னதை அடியோடு மறந்துவிடுங்கள்.

வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் எத்தனை ஆம்பியர் என்று வந்துவிடும். ஹீட்டர் 8.7, கீசரும் 8.7, அடுப்பு 7.8. வீட்டில் எந்தச் சாமானைப் போட்டாலும் அதற்கு அதே 230 வோல்ட்தான் கிடைக்கும். ஆனால் ஒவ்வொன்றும் இழுக்கும் ஆம்பியர் ஒன்றோடொன்று கூடும். உங்கள் மூன்றும் ஒரே லைனில் இருப்பதால், சுவருக்குள் போகும் அந்த ஒரே ஒயர் 25 ஆம்பியரைச் சுமக்கிறது. முதல் இரண்டும் சேர்ந்து 17.4, பதினாறைக் கொஞ்சம் தாண்டியதற்கெல்லாம் எம்.சி.பி. விழாது. உள்ளே இருக்கும் உலோகத் தகடு சூடேறி வளைந்தால்தான் விழும், அதற்கு நேரம் பிடிக்கும். 25 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சூடு சீக்கிரம் ஏறிவிடுகிறது. உங்கள் பத்து நிமிடக் கணக்கு இதுதான். ஷார்ட் சர்க்யூட் என்றால் ஸ்விட்சைப் போட்ட நொடியே ‘டப்’பென்று விழுந்திருக்கும்.

சந்தேகம் தீர, மற்ற இரண்டையும் அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அப்போதும் விழுந்தால் வேறொரு லைனில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் பில்லோடு கடைக்குப் போகலாம். மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

சரி, 32 ஏன் கூடாது? எம்.சி.பி. ஹீட்டரைக் காப்பதற்காக வைத்ததல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயரைக் காப்பதற்கு. பழைய வீடுகளில் பிளக் பாயின்ட்டுக்கும் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) என்கிற மெல்லிய ஒயரே இழுத்திருப்பார்கள். ஆம்பியர் இரண்டு மடங்கானால் ஒயரில் ஏறும் சூடு நான்கு மடங்காகும். 32 போட்டால் எம்.சி.பி. விழாது, உண்மைதான். அதற்குப் பதில் ஒயர் வேகும். மரத்தளமும் மரக்கூரையும் உள்ள வீட்டில் இது விளையாட்டல்ல.

செலவில்லாத வழி, கீசரை முதலில் போட்டு, தண்ணீர் சுட்டதும் அணைத்துவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவைப்பது. நிரந்தரமான வழி, வீட்டுக்காரரிடம் சொல்லி கீசருக்கு மட்டும் 4 ஸ்கொயர் ஒயரில் தனி லைனும் அதற்கென்று 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் போடுவது. லோடு கூடுவதால், இ.பி. அனுமதித்திருக்கும் லோடு எவ்வளவு என்பதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கையோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் கேளுங்கள். ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பது அதுதான், எம்.சி.பி.க்கு அந்த வேலை தெரியாது.

ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் மாட்டாதீர்கள். சாதாரண பாக்ஸ் 6 ஆம்பியருக்குச் செய்தது. குன்னூரில் ஒரு டிசம்பரில் என் பாக்ஸ் உருகி ஜமக்காளத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் எனக்கே இந்தப் புத்தி வந்தது.

கேள்வி: கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். வத்தலக்குண்டில் 3 லிட்டர், 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் வாங்கினேன். கடையில் ஓட்டிக் காட்டியபோது நல்ல சூடு. இங்கே வெதுவெதுப்போடு சரி. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, மலைதான் ஏமாற்றிவிட்டது. 3000 வாட் கீசர், நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடும் தண்ணீரை ஏறக்குறைய 21 டிகிரி ஏற்றும். கீழே 28 டிகிரியில் உள்ளே போகும் தண்ணீர் 49ஆக வெளியே வரும். உங்கள் ஊரில் பனிக்காலத் தண்ணீர் 12 என்றால் 33தான். இதில் லோ வோல்டேஜ் வேறு: 190 வோல்ட் வந்தால் 3000 வாட் கீசர் 2050 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். அப்போது 27 டிகிரிகூடத் தாண்டாது. குழாயைச் சிறிதாகத் திறந்தால் சூடு கூடும், வாளி நிரம்பும்வரை விருந்தினர் நடுங்க வேண்டியதுதான்.

உங்களுக்கு 15 அல்லது 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர்தான் சரி. 2000 வாட்டில் 15 லிட்டரை 12 டிகிரியிலிருந்து 50க்கு ஏற்ற, வோல்டேஜ் சரியாக வந்தால், 20 நிமிடம் போதும். இன்ஸ்டன்ட் 13 ஆம்பியர் இழுக்கும் இடத்தில் இது 8.7தான். ஸ்டார் கூடினால் தண்ணீர் சீக்கிரம் சுடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொட்டிக்குள் சுட்ட தண்ணீர் எவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்பதற்குத்தான் அந்த ஸ்டார். கீசரில் குறை இல்லாததால் பணத்தைத் திருப்பிக் கேட்பது கஷ்டம். “கொடைக்கானலுக்கு” என்று சொல்லி, அவர்கள் சரிப்படும் என்று சொன்னதால் வாங்கியிருந்தால், அதை எடுத்துச் சொல்லி வித்தியாசத்தைக் கொடுத்து மாற்றக் கேளுங்கள்.