டிசி கேட்டு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் புதுவயலில் இருக்கிறோம். மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. உள்ளூர் அறக்கட்டளை நடத்தும் தனியார் மெட்ரிக் பள்ளி. சிறுபான்மைப் பள்ளி இல்லை. ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் (கவனச் சிதறலும் மிகையான துறுதுறுப்பும்) இருப்பதாக மதுரையில் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பேச்சு குறைவு. கோபம் வந்தால் கடிப்பான், கையில் கிடைத்ததை எறிவான். போன மாதம் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை எறிந்ததில் பக்கத்துப் பையனுக்கு நெற்றியில் தையல் போட வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கே, "இனி நடந்தால் நாங்களே டிசி வாங்கிக்கொள்கிறோம்" என்று என்னிடம் எழுதி வாங்கிவிட்டார்கள். இப்போது தினமும் 11 மணிக்கே, வந்து கூட்டிப் போங்கள் என்று போன் வருகிறது. அடிபட்ட பையனின் அப்பா போலீசுக்குப் போவேன் என்கிறார். என் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். மாமியார், ஊனச் சான்றிதழ் மட்டும் வாங்கிவிடாதே என்கிறார்கள். டிசி வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்:

அம்மா, அந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

பள்ளி ஏன் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வெளியே அனுப்ப அதிகாரம் இருந்தால் உங்களிடம் கேட்க வேண்டியதே இல்லையே. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 16, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 2019-இல் இந்தப் பிரிவைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் ஃபெயில் போடலாம் என்று மாற்றினார்கள். நீக்கக் கூடாது என்பதை அப்போதும் தொடவில்லை. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். ஆனால் நீங்களே டிசி கேட்டு எழுதிவிட்டால் அது நீக்கம் ஆகாது, பெற்றோரின் விருப்பம் ஆகிவிடும். பிறகு எந்த அதிகாரியிடம் போனாலும் அந்தக் காகிதத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

உங்கள் பள்ளி சிறுபான்மை நிறுவனம் இல்லை என்பதை எழுதியது நல்லதாயிற்று. சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் பக்கம் அப்படிப்பட்ட பள்ளிகள் கணிசம். அங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர், நான் கீழே சொல்லும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும்.

சரி, ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களே, அதற்கு என்ன மதிப்பு? பெரிதாக ஒன்றும் இல்லை. கல்வி என்பது அரசியலமைப்பின் 21ஏ பிரிவு உங்கள் மகனுக்குக் கொடுத்த அடிப்படை உரிமை. அதை நீங்கள் ஒரு வெள்ளைத்தாளில் விட்டுக்கொடுத்துவிட முடியாது. இருந்தாலும் அந்தத் தாள் கேள்வி கேட்பாரில்லாமல் கோப்பில் கிடக்கக் கூடாது. பையனுக்கு அடிபட்ட பதற்றத்தில், பள்ளி சொன்னபடி எழுதியது, அதை விலக்கிக்கொள்கிறேன் என்று இந்த வாரமே ஒரு வரி எழுதி, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள்.

இந்த 11 மணி போன் என்னைக் கேட்டால் டிசியைவிட மோசம். டிசி கொடுத்தால் கையில் ஒரு காகிதமாவது இருக்கும். இதில் ஒன்றுமே இருக்காது. வருகைப் பதிவேட்டில் பிள்ளை முழு நாளும் வந்ததாக இருக்கும், படிப்பு மட்டும் நடந்திருக்காது. நாளைக்கு அந்த போன் வந்தால் சண்டை போடாதீர்கள். போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள். வந்த கையோடு தலைமை ஆசிரியரின் வாட்ஸ்அப்புக்கு, "இன்று காலை 10.50-க்கு நீங்கள் போன் செய்து அழைத்ததால் மகனைக் கூட்டி வந்துவிட்டேன். காரணத்தை எழுத்தில் தரவும்" என்று அனுப்புங்கள். தினமும் அனுப்புங்கள். கேட்டிலேயே நிறுத்தினால் அதையும் அப்படியே நேரம் போட்டு அனுப்புங்கள். கொஞ்ச நாளில் போன் குறையும். குறையாவிட்டால் உங்கள் வழக்குக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். டாக்டரே கொஞ்ச நாள் அரை நாள் போதும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். அப்போதும் எந்தத் தேதிவரை என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

இனி பள்ளியிடம் என்ன கேட்பது. இங்கேதான் பல பெற்றோர் கோட்டை விடுகிறார்கள். "என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சி எழுதினால், "பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். கேட்பது குறிப்பாக இருக்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளையின் தேவைக்கு ஏற்ற ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும், தனிப்பட்ட உதவி தர வேண்டும், ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் கவனித்து வர வேண்டும் என்று பிரிவு 16-இல் சொல்கிறது. ஒரு நுணுக்கம்: இந்தப் பிரிவு பேசுவது அரசைப் பார்த்து. பள்ளிகளை இப்படி நடக்க வைப்பது அரசின் பொறுப்பு. அதனால் மனுவைப் பள்ளிக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும், சிவகங்கை முதன்மைக் கல்வி அலுவலருக்கும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஆளுக்கொரு நகல் போக வேண்டும்.

மனு எழுதும் முன் ஒரு நோட்டுப் போடுங்கள். பிள்ளை கை நீட்டிய ஒவ்வொரு முறையும் நாள், நேரம், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, அப்புறம் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். பள்ளியும் அதேபோல் எழுதித் தர வேண்டும் என்று கேளுங்கள். வெறும் "அடித்தான், கடித்தான்" என்பதை வைத்து டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது, வக்கீலாலும் முடியாது. எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியும். சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடும்போதா? வழக்கமான டீச்சர் லீவில் இருக்கும் நாளிலா? தகரக் கொட்டகையில் ஆண்டு விழா ஒத்திகை நடக்கும்போதா? காரணம் தெரிந்தால் அதற்குரிய ஏற்பாட்டைக் கேட்கலாம். மனுவின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

"என் மகன் மணி அடித்ததும் ஏற்படும் கூச்சலிலும் நெரிசலிலும்தான் பெரும்பாலும் நிலைகுலைகிறான் என்பது இணைப்பிலுள்ள குறிப்பிலிருந்து தெரியவரும். எனவே சாப்பாட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாக அவனை வகுப்பிலிருந்து வெளியே அழைத்துச் செல்லவும், கதவோரம் முதல் வரிசையில் அமர்த்தவும், பதற்றம் தெரியும்போது ஒரு பெரியவர் துணையுடன் அமைதியாக இருக்க ஓர் இடம் ஒதுக்கவும், எவர்சில்வர் பாட்டிலுக்குப் பதில் துணிப் பையில் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவர அனுமதிக்கவும், சிறப்பாசிரியர் ஒருவரை வைத்து எங்களுடன் அமர்ந்து தனிக் கல்வித் திட்டம் தயாரிக்கவும் வேண்டுகிறேன். அவனைக் கட்டி வைப்பதோ, தனியறையில் பூட்டுவதோ, அடிப்பதோ கூடாது."

பாருங்கள், இதில் முக்கால்வாசிக்குப் பள்ளிக்குக் காசு செலவே கிடையாது. செலவில்லாததை மறுத்தால் எந்த அதிகாரியிடமும் பதில் சொல்வது கஷ்டம். பள்ளியால் தாங்க முடியாத சுமையைச் சட்டமும் கேட்பதில்லை என்பதால், மனுவை அளவாக வைத்துக்கொள்வது உங்களுக்கே நல்லது. கடைசி வரி கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17-இல் இருப்பதுதான்: உடல் தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் தடை செய்யப்பட்டவை. பிள்ளையை நாற்காலியோடு சேர்த்துத் துப்பட்டாவால் கட்டி வைப்பதை "பாதுகாப்புக்காக" என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. அப்படி நடந்திருந்தால் எனக்குத் தனியாகத் தெரியப்படுத்துங்கள். அது சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் கொடுமையாகவும் பார்க்கப்படும்.

"நீங்களே சம்பளம் கொடுத்து ஓர் ஆயாவை வகுப்பில் உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்" என்று அடுத்தது சொல்வார்கள். உங்களால் முடிந்து, விருப்பமும் இருந்தால் வைக்கலாம். பிள்ளை பள்ளியில் இருப்பதற்கே அதை நிபந்தனையாக்கினால் எழுத்தில் கேளுங்கள். சிறப்பாசிரியர் வைப்பது பள்ளி அமைப்பின் வேலை. தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021-இல் உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டியது.

மாமியார் சொன்ன சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் ஒரு வீட்டுச் சேதி காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் ஆகாது. நாளைக்குப் பேரனுக்குப் பெண் யார் கொடுப்பார்கள் என்று நினைக்கிறார்கள். ஆனால் அவனுக்கு இப்போது 8 வயது. கல்யாணம் எப்போதோ, பள்ளிக்கூடம் நாளைக் காலை. அவர்களிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: இதை யாரும் வாசலில் ஒட்டி வைப்பதில்லை, தேவைப்படும் இடத்தில் மட்டும் எடுத்துக் காட்டுவது.

சான்றிதழுக்கும், யூடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் ஆன்லைனில் பதிந்துவிட்டு, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசம் உண்டு, ஏடிஹெச்டி தனியாக இல்லை. ஆகவே ஆட்டிசம் என்ற பெயரில்தான் சான்று கேட்க வேண்டும். மதுரை டாக்டரின் சீட்டில் அது தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சான்றில் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று வந்தால் 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள அரசுப் பள்ளியிலோ பிள்ளை விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் வரை கிடைக்கும், தெரபிச் செலவையும் அதில் கேட்கலாம். 40-க்குக் கீழே வந்தால் மனம் விட்டுவிடாதீர்கள். மேலே மனுவில் கேட்ட ஏற்பாடுகளுக்கு 40 சதவீதம் கட்டாயமில்லை. 2021-இல் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பத்தாம் வகுப்பு வரும்போது கூடுதல் நேரம், எழுத ஆள் போன்ற சலுகைகளுக்கும் இந்தக் கோப்பு உதவும்.

போலீஸ் மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி 7 வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது. 7-லிருந்து 12 வயதுக்குள், தான் செய்வதன் விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லாத குழந்தை செய்ததும் குற்றமாகாது. உங்கள் மகனின் மருத்துவச் சீட்டே அதைச் சொல்லும். ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். சீட்டின் நகலோடு நீங்களும் வீட்டுப் பெரியவர் ஒருவரும் போய்ப் பேசுங்கள்.

அதற்காக அந்த அப்பாவை எதிரியாக்கிவிடாதீர்கள். அவர் பிள்ளையும் வகுப்பில் பத்திரமாக இருக்க வேண்டியவன்தான், அதைப் பார்ப்பதும் பள்ளியின் கடமை. வீட்டுப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். தையல் போட்ட செலவைக் கொடுங்கள். எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம், "இனி நடக்கவே நடக்காது" என்று வாக்கும் கொடுக்க வேண்டாம். பள்ளியிடம் என்னென்ன கேட்டிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அந்த ஏற்பாடுகளை அவரும் சேர்ந்து கேட்டால் பள்ளிக்கு மறுக்க வாயே இருக்காது.

மனு கொடுத்தும் நகரவில்லை என்றால், திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் நகலைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்தது சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சம்மன் அனுப்பவும் ஆவணம் கேட்கவும் அவருக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால் சம்பந்தப்பட்ட அதிகாரி 3 மாதத்துக்குள் என்ன செய்தார் என்று சொல்லியாக வேண்டும். குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடுவதை நான் கடைசியில்தான் வைப்பேன். உத்தரவு கிடைக்கும், ஆனால் வழக்கில் தோற்ற பள்ளிக்குள் தினமும் பிள்ளையை அனுப்ப வேண்டியவர் நீங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அரசுப் பள்ளி பற்றியும் யோசித்துப் பாருங்கள். சாக்கோட்டை ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலையே அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கவனிப்பது. ஃபீஸ் கட்டும் பள்ளியில்தான் கௌரவம் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. ஒரு நாள் அந்த மையத்துக்குப் போய் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாற்றுவதாக இருந்தால் அங்கே இடம் உறுதியான பிறகு, "பள்ளி உரிய ஏற்பாடு செய்யாததால் மாற்றுகிறேன்" என்று காரணத்தை எழுதி டிசி கேளுங்கள்.

வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. காரைக்குடி நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். போகும்போது டாக்டர் சீட்டு, பள்ளி ஃபீஸ் ரசீது, முன்பு எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் இருந்தால் அது, அந்த வாட்ஸ்அப் செய்திகளின் பிரிண்ட் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். கடிதத்தின் நகல் கையில் இல்லாவிட்டால், மனுவிலேயே பள்ளியிடம் அதைக் கேட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.