ஸ்லைடு பெட்டிக்குள் ஒரு பிரெஞ்சுக் கடல்

வெளிநாட்டில் இருந்தபோது எடுத்த பழைய படங்களைப் பற்றிச் சேலம், ஏற்காடு பக்கமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்கள்.

கே: அப்பா 1980களில் பிரான்சின் சான்-மாலோ துறைமுக ஊரில் நான்கு வருடம் வேலை பார்த்தார். அப்போது எடுத்த நானூறு ஸ்லைடுகள் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கின்றன. போன வாரம் திறந்து பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வெள்ளைக் கோடுகள். தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா?
— வாசகி, ஏற்காடு

ப: தயவுசெய்து தண்ணீர் பக்கமே போகாதீர்கள். நீங்கள் பார்த்தது பூஞ்சை. ஸ்லைடு என்பது சட்டத்தில் பொருத்திய ஃபிலிம் துண்டு. அதில் நிறங்களைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் படலம். பூஞ்சைக்கு அதுதான் சாப்பாடு. பூஞ்சை தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரைகிற நிலைக்கு வந்திருக்கும். அலசினால் பூஞ்சையோடு படமும் சேர்ந்து போய்விடும்.

முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு, பூஞ்சை பிடித்ததையும் பிடிக்காததையும் முதலில் வேறு வேறு டப்பாக்களில் பிரியுங்கள். எதையும் துடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஸ்லைடின் சட்டத்தையும் இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பேனாவால் எழுதிய ஊர்ப் பெயரும், லேப் அச்சிட்ட மாதமும் வருடமும் அங்கேதான் இருக்கும். அந்த மாதம் லேபில் ரோலைக் கழுவி டெவலப் செய்த மாதம். படம் அதற்கு முன்பே எடுத்ததாக இருக்கலாம்.

துடைக்கிற வேலையை மழையும் பனிமூட்டமும் இருக்கும்போது ஏற்காட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில், கீழே சேலத்தில் உறவினர் வீடு இருந்தால் அங்கே செய்யுங்கள். மலை இறங்கியதும் டப்பாவைத் திறக்காதீர்கள். குளிர்ந்த ஸ்லைடின் மேல் வெக்கைக் காற்று பட்டால் வியர்த்துவிடும். மூன்று மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும்.

ஸ்லைடை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். மங்கலான பக்கம்தான் படலம். இரண்டு பக்கமும் ரப்பர் ஊதுபந்தால் ஊதி, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பிறகு பளபளப்பான பக்கத்தை மட்டும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒரே திசையில் துடையுங்கள். மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 70 சதவீதம். மீதி முப்பதும் தண்ணீர், அதனால் அது ஆகாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ எரியக் கூடாது. படலப் பக்கத்தைத் துடைத்தே ஆக வேண்டுமென்றால், எப்படியும் தூக்கிப் போடப்போகிற ஒரு ஸ்லைடில் முதலில் செய்து பாருங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் அதோடு நிறுத்திவிடுங்கள். பூஞ்சை தின்று முடித்த இடம் திரும்ப வராது. அதை ஸ்கேன் செய்த பிறகு கணினியில்தான் சரிசெய்ய முடியும்.

அட்டைச் சட்டம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூஞ்சை பிடித்தவற்றை மட்டும் பிளாஸ்டிக் சட்டத்துக்கு மாற்றி, பழைய அட்டையின் எண்ணை அதில் எழுதுங்கள். ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத 10 லிட்டர் டப்பா ஒன்று, துணிப் பையில் 200 கிராம் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல், சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று: இவ்வளவு போதும். ஈரப்பதம் 35 முதல் 45 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பூஞ்சை மறுபடி வரும். 30க்குக் கீழே போனால் படலம் விறைத்து ஸ்லைடு வளையும். ஜெல் பச்சையானதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் ஆரஞ்சு நிறம் திரும்பிவிடும். அந்துருண்டை, கற்பூரம், வேப்பிலை எதுவும் டப்பாவுக்குள் வேண்டாம். இவை ஈரத்தை எடுப்பதில்லை. அந்துருண்டையின் ஆவி பிளாஸ்டிக்கையும் கெடுக்கும்.

கே: ஸ்லைடுகளை ஸ்கேன் செய்ய ஃபிளாட்பெட் (தட்டையான மேசை ஸ்கேனர்) வாங்கலாமா, கேமராவால் எடுக்கலாமா?
— வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

ப: வீட்டில் நல்ல கேமரா இருந்தால் அதுவே மேல். ஸ்லைடின் படப்பகுதி 24க்கு 36 மில்லிமீட்டர். 4000 டிபிஐயில் (அங்குலத்துக்கு 4000 புள்ளி) அது ஏறக்குறைய 21 மெகாபிக்சல். ஃபிளாட்பெட் பெட்டியின் மேல் 6400 என்று அச்சிட்டிருந்தாலும், உண்மையில் பிரித்துக் காட்டுகிற விவரம் அதில் பாதியைக்கூட எட்டாது.

ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ், நிறத்தைச் சரியாகக் காட்டும் எல்ஈடி பலகை (நிறத் துல்லியத்தைச் சொல்லும் சிஆர்ஐ எண் 95க்கு மேல்), நிமிர்ந்து நிற்கும் ஸ்டாண்டு வேண்டும். ஸ்லைடைப் பலகையின் மேலேயே வைக்காதீர்கள். ஐந்து சென்டிமீட்டர் உயர்த்துங்கள். இல்லையென்றால் பலகையின் தூசியும் புள்ளிகளும் படத்தில் விழும். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, இரண்டு விநாடி டைமர், ரா கோப்பு (கேமரா சுருக்காமல் பதியும் மூலக் கோப்பு). கேமரா நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: ஸ்லைடு இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடித் துண்டை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால் நேர். கொஞ்சம் தள்ளித் தெரிந்தாலும் படத்தின் ஒரு ஓரம் மங்கிவிடும்.

ஸ்கேனரில் அகச்சிவப்பு ஒளியால் தூசி நீக்கும் வசதி இருந்தால், கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அதை அணைத்துவிடுங்கள். வெள்ளித் துகள்களையே அது தூசி என்று நினைத்து அழிக்கும். கோடக்ரோம் என்ற பழைய கோடக் கலர் ஸ்லைடு ஃபிலிமிலும் பல சமயம் விளிம்புகளைக் கெடுக்கிறது.

கே: தாத்தாவின் பையில் கழுவாத கோடக்ரோம் ரோல் ஒன்று கிடைத்தது. நிறம் வருமா?
— வாசகர், ஆத்தூர்

ப: வராது. கோடக்ரோமை நிறத்தோடு கழுவித் தந்த கடைசி லேபும் 2010 டிசம்பரோடு புது ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. கருப்பு வெள்ளையாகக் கழுவலாம். அதில் அனுபவமுள்ள லேபுக்கு மட்டும் கொடுங்கள்.

கே: 2011 செப்டம்பர் முதல் 2013 ஜூன் வரை பிரெஸ்ட் நகரில் படித்தேன். கேமராக் கடிகாரம் முழுக்க இந்திய நேரத்திலேயே இருந்திருக்கிறது. சூரியன் மறையும் படங்களில் நள்ளிரவு தாண்டிய நேரம் காட்டுகிறது. எப்படிச் சரிசெய்வது?
— வாசகர், ஓமலூர்

ப: உங்கள் கேமரா நேரம் ஒழுங்காகத்தான் தவறியிருக்கிறது, அதனால் சுலபம். பிரான்சில் குளிர்கால நேரம் நம்மைவிட 4.30 மணி பின்னால், கோடைகால நேரம் 3.30 மணி பின்னால். உங்கள் காலத்தில் மாற்றம் நடந்த நாட்கள்: 2011 அக்டோபர் 30, 2012 மார்ச் 25, 2012 அக்டோபர் 28, 2013 மார்ச் 31. படங்களை இந்தத் தேதிகளில் வெட்டி ஐந்து ஃபோல்டராக்கி, கோடைக்கு 3.30, குளிருக்கு 4.30 கழியுங்கள். எக்சிஃப்டூல், டிஜிகாம் என்ற கணினி நிரல்கள் இரண்டுமே இலவசம், மொத்தமாகச் செய்துவிடும். முதலில் நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

பிரெஸ்ட் பிரான்சின் மேற்குக் கோடி என்பதால் ஜூனில் சூரியன் மறையவே இரவு 10.20 ஆகும். உங்கள் கேமராவில் அது மறுநாள் 1.50. நேரத்தை மட்டும் மாற்றித் தேதியை விட்டுவிட்டால் ஜூன் மாதத்து மாலைகள் எல்லாம் ஒரு நாள் தள்ளி உட்கார்ந்துவிடும். கோயில் மணிக்கூண்டோ ரயில் நிலையக் கடிகாரமோ விழுந்த படம் ஒன்று இருந்தால், கழித்த பிறகு அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கே: பிரான்சின் நார்மண்டியில் எடுத்த ஸ்லைடுகளில் கடல் சரியாக இருந்தால் வானம் வெளுத்திருக்கிறது. வானத்தை மீட்க முடியுமா?
— வாசகி, சேலம்

ப: ஒரே ஸ்லைடைக் குறைந்த ஒளியில் ஒரு முறை, அதைவிட ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) கூட்டி ஒரு முறை எடுத்து, அடிவானத்தில் இணையுங்கள். மேகத்தின் சாயல் லேசாக இருந்தாலும் வெளியே வரும். ஃபிலிமே கண்ணாடிபோலத் தெளிந்திருந்தால் அங்கே எதுவும் இல்லை. இந்தத் தொல்லை ரொம்பப் பழசு. அந்தக் காலத்தில் ஃபிலிமுக்குப் பதிலாக இருந்த கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மட்டுமீறி வாங்கியதால் வானம் வெந்துவிடும். 1850களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே தன் கடற்படங்கள் சிலவற்றில் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து அச்சில் சேர்த்தார். நீங்கள் செய்யப்போவதும் அதுதான்.

கே: பிரான்சில் எடுத்த படங்களைச் சேலத்தில் கண்காட்சியாக வைக்க ஆசை. பிரான்சில் உள்ளவர்களின் முகங்கள் இருக்கின்றன, சிக்கல் வருமா?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

ப: பிரான்சில் ஒருவரின் உருவத்தை அவர் அனுமதியின்றி வெளியிடுவதை, சிவில் சட்டத்தின் 9ஆம் பிரிவு காக்கும் தனிவாழ்வு உரிமையோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். சந்தைக் கூட்டம், தூரத்து மீனவர் என்றால் வையுங்கள். ஒரே முகம் படத்தை நிறைத்தால் விடுங்கள், முக்கியமாகக் குழந்தைகள்.

கே: (ஏற்காடு வாசகியின் இரண்டாவது கேள்வி) அப்பாவுக்கு இப்போது ஞாபகம் தடுமாறுகிறது. படங்களைக் காட்டி எப்படிக் கேட்பது?

ப: இதைத் தள்ளிப் போடாதீர்கள், ஸ்கேனைவிட இது அவசரம். ஒரிஜினலைப் புரொஜெக்டரில் போட வேண்டாம், அந்த விளக்கொளியில் நிறம் மங்கும். போனில் எடுத்த நகலே போதும். டிவியில் பெரிதாகக் காட்டி, பக்கத்தில் குரல் பதிவை ஓடவிடுங்கள். ஒரு உட்காரலுக்கு இருபது படத்துக்கு மேல் வேண்டாம். "எந்த வருஷம்ப்பா?" என்று கேட்டால் அவர் திகைப்பார். "எங்கே நின்னு எடுத்தீங்கப்பா? கூட யார் இருந்தாங்க? குளிரா, காத்தா?" என்று கேளுங்கள்.

சான்-மாலோவுக்கு மட்டும் இன்னொரு கேள்வி உண்டு: கடல் ஏறியிருந்ததா, உள்வாங்கியிருந்ததா? பெரிய ஓத நாட்களில் அங்கே நீர்மட்டம் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். போன்-செக்கூர் கடற்கரையில் கடல்நீரைத் தேக்கிய நீச்சல் குளமும் குதிக்கிற மேடையும் இருக்கின்றன. கடல் ஏறினால் குளத்தின் சுவர் முழுகிவிடும், நடுக்கடலில் மேடை மட்டும் தனியாக நிற்கும். கடல் வற்றினால் எதிரே தெரியும் கிராண்ட் பே தீவுக்கு நடந்தே போகலாம். அப்பாவின் பெட்டியில் வேறு வேறு ஊர் என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கும் இரண்டு ஸ்லைடுகள், ஒரே படிக்கட்டில் நின்று ஆறு மணி நேர இடைவெளியில் எடுத்தவையாக இருக்கலாம். பிரிப்பதற்கு முன் அவரிடம் காட்டிவிடுங்கள்.